உட்காரத் தெரியாதவர்கள்

ஜூலை 8, திங்கள்

இன்று கடையில் எங்களுக்கு ‘லேடி’ ஆவது எப்படி என்று வகுப்பு எடுத்தார்கள். இதுநாள் வரை நாங்கள் என்னவாக இருந்தோமோ, தெரியவில்லை.

வகுப்பு எடுக்கச் சின்ன முதலாளி தினகர் சார் பெங்களூரிலிருந்து ஒரு பெண்ணை வரவழைத்திருந்தார். வயது முப்பதைத் தாண்டாது. கடை திறப்பதற்கு முன்னால், இரண்டாவது மாடி பட்டுப் பிரிவில், விற்பனைப் பிள்ளைகள் முப்பத்தோரு பேரையும் சூப்பர்வைசராகிய என்னையும் வரிசையாக நிறுத்தினாள். இடது கைமேல் வலது கையை வைத்து வயிற்றுக்கு நேராக மடக்கிக்கொள்ள வேண்டுமாம். தோளைப் பின்னுக்குத் தள்ள வேண்டுமாம். கவுண்டரில் சாயக் கூடாது, கொட்டாவி விடக் கூடாது, குரல் உயரக் கூடாது. எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. இதே மாடியில் இருபத்திரண்டு வருஷமாக நான் சொல்லிக்கொண்டிருப்பது வேறென்ன? எனக்கு விமான டிக்கெட் போட்டு யாரும் அழைத்து வரவில்லை. தச்சநல்லூரிலிருந்து டவுன் பஸ்ஸில் வருகிறேன், அவ்வளவுதான் வித்தியாசம்.

தினகர் சாரின் அப்பா, பெரிய அண்ணாச்சி, என்னை வேலைக்கு எடுத்த அன்று சொன்னது ஒரே ஒரு வாக்கியம். “ஏம்மா பிரம்மசக்தி, நம்ம கடைப் பிள்ளைக குத்துவெளக்கு மாதிரி நிக்கணும், பாத்துக்கோ.” பார்த்துக்கொண்டேன். இன்றைக்கு வரை என் மாடியில் ஒருத்தி சாய்ந்து நின்றாள் என்று யாரும் குறை சொன்னதில்லை.

கடைசியில் அந்தப் பெண், யாருக்காவது சந்தேகம் உண்டா என்று கேட்டாள். போன மாதம் சேர்ந்த திசையன்விளைக்காரி ஜெபஷீலா கையைத் தூக்கினாள்.

“மேடம், லேடி எப்போ உக்காருவா?”

எல்லாரும் சிரித்துவிட்டார்கள். பெங்களூர்க்காரி அசரவில்லை. “மத்தவங்க எல்லாரும் சௌகரியமா இருக்காங்களான்னு பாத்துட்டு, அப்புறம்தான் உக்காருவா” என்றாள்.

“அப்போ கடை பூட்டுன பொறவு” என்றாள் ஜெபஷீலா. மறுபடி சிரிப்பு. நான் முறைத்தேன். வாய்க்கொழுப்பு.

ஜூலை 9, செவ்வாய்

கால் கொஞ்சம் கனமாக இருக்கிறது. எண்ணெய் தேய்த்தேன்.

ஜூலை 11, வியாழன்

ஜெபஷீலா ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டில் கொண்டுவருகிறாள். பதினோரு மணிக்குள் பாதி காலி. அப்புறம் பாத்ரூம் போக வேண்டும் என்று என்னிடம் வந்து நிற்கிறாள். ஆம்பளை வாடிக்கையாளர் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார், காதில் விழும் என்ற கூச்சம்கூட இல்லை. கல்யாணப் பட்டு எடுக்க வந்த குடும்பத்தை நடுவில் விட்டுவிட்டு இவள் போய்விட்டு வருவதற்குள் அவர்கள் அடுத்த கடைக்குப் போய்விடுவார்கள்.

“தண்ணியக் கொறச்சுக் குடி. நான் காலையில ஒரு டம்ளர் குடிப்பேன், மூணு மணிக்கு ஒரு டம்ளர். பழகிரும்” என்றேன்.

“உங்களுக்கு யூரின் இன்ஃபெக்‌ஷன் வராதா மேடம்?”

வரும், போகும். அதற்கு மாத்திரை இருக்கிறது. பெண்பிள்ளை இதையெல்லாம் நடுக்கடையில் வைத்துப் பேசுவாளா?

ஸ்டூல் விஷயத்தையும் இன்று ஆரம்பித்தாள். கடைகளில் வேலை பார்ப்பவர்களுக்கு உட்கார இருக்கை போட வேண்டும் என்று சில வருஷங்களுக்கு முன்பு சட்டம் வந்தது. எங்கள் கடையிலும் அப்போதே கவுண்டருக்கு ஒன்றாக ஸ்டூல் வந்து இறங்கியது. மேலே சுற்றிவந்த பிளாஸ்டிக் உறையைக்கூட இன்னும் பிரிக்கவில்லை. பிரித்துக் காட்டிய சேலைகளை அதன்மேல் அடுக்கி வைக்கிறோம், நல்ல வசதி. “இது ஏன் மேடம் சேலைக்கு மட்டும்?” என்கிறாள். சட்டத்தில் ஸ்டூல் போடு என்றுதான் இருக்கிறது. போட்டாயிற்று.

ஜூலை 14, ஞாயிறு

சொன்னால் யாரும் நம்ப மாட்டார்கள். இன்று மதியம் ஜெபஷீலா ஸ்டூலில் இருந்த சேலைகளை எடுத்துக் கவுண்டர்மேல் வைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டாள். சும்மா உட்காரவில்லை, கால்மேல் கால் போட்டு!

எதிரே வள்ளியூரிலிருந்து வந்த குடும்பம். மாப்பிள்ளையின் அம்மா என்னைக் கூப்பிட்டு, “உங்க கடையில மரியாதைக்குத்தான் நாங்க வாரோம். நான் நின்னு சேலை பாக்கேன், இந்தப் பிள்ள மகாராணி கணக்கா உக்காந்திருக்கு” என்றார். அந்த அம்மாவுக்கு நான்கு நாற்காலி தள்ளி இடம் இருந்தது, அது வேறு விஷயம். மன்னிப்புக் கேட்டேன். பாதாம்பால் வரவழைத்துக் கொடுத்தேன்.

பிறகு குடோன் பக்கம் ஜெபஷீலாவை அழைத்துப் போய் வாங்கு வாங்கென்று வாங்கினேன்.

“ஏட்டி, உனக்கு வெக்கமா இல்ல? நாலு பேர் நிக்கையில உக்காரலாமா?”

“காலு வலிச்சுது மேடம். கஸ்டமர் யாரும் எங்கிட்ட வரல, அதான் உக்காந்தேன். அவங்க வந்ததும் எந்திரிக்கத்தான் செஞ்சேன்.”

“காலு வலி எனக்கில்லையா?”

அவள் குனிந்து என் சேலைக் கரையைப் பார்த்தாள். “அதத்தான் மேடம் நானும் கேக்கேன்” என்றாள்.

திமிர் பிடித்த பெண். ஒரு வாரம் சேலை மடிக்கும் வேலைக்கு மாற்றிவிட்டேன். அதுவும் நின்றுகொண்டு செய்வதுதான்.

ஜூலை 17, புதன்

ஆடி ஒன்று. தள்ளுபடி ஆரம்பம். படிக்கட்டு வரை கூட்டம். எழுத முடியவில்லை.

ஜூலை 20, சனி

வடிவுக்கு ‘மாதத்தின் லேடி’ பட்டம் கிடைத்தது. லிஃப்டுக்குப் பக்கத்தில் அவள் படத்தை மாட்டியிருக்கிறார்கள். சுடலைவடிவு என்று முழுப்பெயர் போட வேண்டாம், கேட்க நன்றாயில்லை என்று தினகர் சார் சொன்னதால் ‘வடிவு’ என்று மட்டும். முன்னீர்பள்ளத்துப் பெண், ஏழு வருஷமாக என் கையில் வளர்ந்தவள். அவள் நிற்கும்போது நிழல்கூட அசையாது. வாய் திறந்தால் பக்கத்தில் இருப்பவருக்கு மட்டும்தான் கேட்கும். பட்டம் எனக்கே கிடைத்ததுபோல் இருந்தது.

தினகர் சாரைப் பற்றி ஒன்று எழுத வேண்டும். அவரைப்போல ஜென்டில்மேன் இந்த ஊரில் கிடையாது. எந்தப் பெண் உள்ளே வந்தாலும் நாற்காலியை விட்டு எழுந்துகொள்வார். லிஃப்டில் பெண்கள் ஏறும்வரை கதவைப் பிடித்துக்கொண்டு நிற்பார். எங்களைக்கூட ‘அக்கா’ என்றுதான் கூப்பிடுவார், ‘ஏ’ என்றது கிடையாது. லீவு இல்லை என்பதைக்கூட, “மன்னிச்சிருங்கக்கா, இந்த ஒரு தடவ” என்று கைகூப்பித்தான் சொல்வார். போன வருஷம் நாகர்கோவிலில் என் மகள் அமுதினியை நர்சிங் கல்லூரியில் சேர்க்கப் போக லீவு கேட்டபோதும் அப்படித்தான் கைகூப்பினார். என் வீட்டுக்காரர்தான் போய்ச் சேர்த்துவிட்டு வந்தார்.

வீட்டுக்காரர் டெய்லர். நாள் முழுக்க உட்கார்ந்து வேலை பார்ப்பவர். என் யூனிஃபார்ம் சேலையின் கரையை அவரிடம் கொடுத்து இரண்டு விரற்கடை இறக்கித் தைக்கச் சொன்னேன். ஏன் என்று கேட்டார். தரையைத் தொட்டால் பார்க்க லட்சணமாக இருக்கும் என்றேன். காலில் சுற்றியிருக்கும் கிரேப் பேண்டேஜ் தெரியக் கூடாதே.

ஜூலை 22, திங்கள்

அமுதினி போன். “புண்ணு ஆறிருச்சாம்மா? சர்ஜனப் பாக்கச் சொன்னேன்லா?” ஆறிவிட்டது என்றேன். படிக்கிற பிள்ளையை எதற்குப் பயமுறுத்த வேண்டும். ஒரு ரூபாய் அகலம்தான், சின்னது.

ஜூலை 25, வியாழன்

கடையில் இடி விழுந்திருக்கிறது. தொழிலாளர் அலுவலகத்துக்கு யாரோ மொட்டைக் கடிதம் போட்டிருக்கிறார்கள். இரண்டாவது மாடியில் பெண்களை உட்கார விடுவதில்லை, பாத்ரூம் போக விடுவதில்லை என்று. செவ்வாய்க்கிழமை ஆய்வுக்கு வருகிறார்களாம். அங்கிருந்து தெரிந்தவர் யாரோ சொல்லியிருக்கிறார்.

இரண்டாவது மாடி என்றால் நான். கடிதத்தில் என் பெயர் இல்லையே தவிர, என்னைத்தான் எழுதியிருக்கிறார்கள். சோறு போட்ட கடையை இப்படிக் காட்டிக்கொடுப்பதா? சொல்ல வேண்டுமானால் என் முகத்துக்கு நேரே சொல்லியிருக்கலாமே, நான் என்ன கடித்தா தின்றுவிடுவேன்?

தினகர் சார் தன் அறைக்குக் கூப்பிட்டார். நான் நுழைந்ததும் எழுந்து நின்றார். நானும் நின்றேன். இருவரும் நின்றபடியே பேசினோம்.

“அக்கா, உங்க பிள்ளைகள உங்களுக்குத்தான் தெரியும். யாரா இருக்கும்னு நெனைக்கீங்க?”

நான் ஒரு பெயர் சொன்னேன்.

ஜூலை 26, வெள்ளி

ஜெபஷீலாவை அனுப்பிவிட்டார்கள். ஆடி கூட்டத்தில் ஆள் குறைவது கஷ்டம்தான், வேறு வழியில்லை.

பையை எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தாள். அழுவாள் என்று நினைத்தேன்.

“லெட்டர் நான் போடல மேடம். போடணும்னு நெனச்சேன், போடல. எனக்கு முந்தி யாரோ போட்டுட்டாங்க. நல்லா இருக்கட்டும்.”

“பொய் சொல்லாத.”

“பொய் சொல்லி எனக்கு என்ன ஆவப்போவுது? அதான் வேலைய விட்டுத் தூக்கியாச்சே.” படியிறங்கப் போனவள் திரும்பினாள். “அப்பாவுக்கு டயாலிசிஸ் மேடம். வாரம் ரெண்டு தடவ. அதான் பி.காம் முடிச்சுட்டு இங்க வந்தேன். தெரியட்டும்னு சொல்லுதேன்.”

எனக்குத் தெரியாதே! சேர்ந்தபோது யாரும் சொல்லவில்லையே. நான் கேட்டிருந்தால் சொல்லியிருப்பாள் என்று வீட்டுக்காரர் சொல்கிறார். உட்கார்ந்துகொண்டு நியாயம் பேசுவது சுலபம்.

ஜூலை 28, ஞாயிறு

உட்காரப் பழகும் ஒத்திகை.

சிரிப்பதா அழுவதா தெரியவில்லை. தினகர் சாரின் உத்தரவு: செவ்வாயன்று ஆய்வாளர் வரும்போது எல்லாரும் உட்கார்ந்திருக்க வேண்டும், இயல்பாக, தினமும் உட்காருகிறவர்கள் மாதிரி. புதிதாக இருபது ஸ்டூல் வந்திருக்கிறது. பழைய ஸ்டூல்களின் உறையைப் பிரித்தோம்.

கடை திறக்குமுன் ஒரு மணி நேரம் பழக்கினேன். முப்பது பேரும் நுனியில் தொற்றிக்கொண்டு உட்காருகிறார்கள், முதுகு கம்பிபோல விறைத்து நிற்கிறது. லிஃப்ட் சத்தம் கேட்டால் போதும், துள்ளி எழுகிறார்கள். “ஏட்டி, பஸ்ஸுல உக்கார மாட்டியா? அது மாதிரி உக்காரு” என்றேன். “பஸ்ஸுலயும் எடம் கெடைக்கதில்ல மேடம்” என்றாள் ஒருத்தி. வடிவு மட்டும் சொன்னபடி உட்கார்ந்தாள். உட்கார்ந்த இடத்திலிருந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“நீங்களும் உக்காந்து பழகுங்களேன் மேடம்” என்றாள்.

சூப்பர்வைசர் உட்கார்ந்தால் யார் மேற்பார்வை பார்ப்பது?

ஜூலை 30, செவ்வாய்

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். என் தவறு என்ன என்று எனக்கே விளங்கவில்லை.

பதினொன்றரைக்கு ஆய்வாளர் வந்தார். பெண். ஐம்பது வயதிருக்கும், பருத்திச் சேலை, கையில் ஒரு ஃபைல். பின்னால் இரண்டு ஆண்கள், தினகர் சார், மேனேஜர். பிள்ளைகள் முப்பது பேரும் சொன்னபடி ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார்கள். அந்த அம்மா படியேறி மூச்சு வாங்க உள்ளே காலெடுத்து வைத்தார். முப்பது பேரும் ஒரே நேரத்தில் எழுந்து, கையை வயிற்றுக்கு நேரே மடக்கி, “வணக்கம் மேடம், வாங்க” என்றார்கள்.

யாரும் சொல்லிக்கொடுத்துச் செய்ததல்ல. வயதில் பெரியவர், அதிகாரி, அதுவும் பெண், வாசலில் நிற்கிறார். உட்கார்ந்தே இருக்க எப்படி மனசு வரும்?

“எதுக்கு எந்திரிச்சீங்க? உக்காருங்கம்மா” என்றார் அவர்.

யாரும் உட்காரவில்லை.

“பரவாயில்ல, உக்காருங்க. நான் பாத்துட்டுப் போயிருவேன்.”

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். மூன்றாம் தடவையும் சொன்னார். பிள்ளைகள் அசையவில்லை. எனக்கு ஒரு பக்கம் திக்கென்றாலும், இன்னொரு பக்கம் பெருமையாகத்தான் இருந்தது. அதை மறைப்பானேன்? முன்னால் போய்ச் சொன்னேன்.

“எங்க பிள்ளைக கஸ்டமர் முன்னால உக்கார மாட்டாங்க மேடம். அப்படி வளத்திருக்கேன்.”

மேனேஜர் இருமினார். அந்த அம்மா என் பக்கம் திரும்பி, மிகவும் தன்மையாகக் கேட்டார். “எத்தன மணி நேரம் நிப்பாங்க?”

“காலையில ஒம்பதரைல இருந்து ராத்திரி ஒம்பதரை வரைக்கும் மேடம். சாப்பாட்டுக்கு இருவது நிமிசம்.”

“நீங்களுமா?”

“நானும்தான். இருவத்திரண்டு வருசம் ஆச்சு. ஒருநாள் கடைக்குள்ள உக்காந்ததில்ல மேடம்.”

அவர் எழுதிக்கொண்டே இருந்தார். நான் சொல்லச் சொல்ல எழுதினார். என் பேச்சை ஒருவர் இவ்வளவு கவனமாகக் கேட்டு எழுதுவது எனக்கு இதுதான் முதல் தடவை, அதனால் இன்னும் கொஞ்சம் சொன்னேன். தண்ணீர் விஷயத்தையும் சொன்னேன். தினகர் சாரின் முகத்தை அப்புறம்தான் பார்த்தேன்.

போகும்போது அந்த அம்மா குனிந்து, “சேலைக் கரையில என்ன, ரத்தமா?” என்றார்.

“குங்குமம் மேடம்” என்றேன். காலையில் சாமி கும்பிடும்போது கொட்டியிருக்கும்.

ஜூலை 31, புதன்

யாரும் என்னோடு பேசவில்லை. தினகர் சார் லிஃப்ட் கதவை எனக்காகப் பிடித்துக்கொண்டு நின்றார். முகத்தைப் பார்க்கவில்லை.

ஆகஸ்ட் 2, வெள்ளி

மொட்டை மாடியில் சாப்பாட்டு நேரம். வடிவு தன் டப்பாவைத் திறக்காமலே உட்கார்ந்திருந்தாள்.

“மேடம், அந்த லெட்டர் நான்தான் போட்டேன்.”

நான் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தேன். காதில் விழாததுபோல இன்னொரு வாய் எடுத்தேன். அவள் அதே மெல்லிய குரலில், கஸ்டமரிடம் ஜரிகை விவரம் சொல்வதுபோல, சொல்லிக்கொண்டே போனாள்.

“எனக்காவ போடல. ஆனி மாசம் ஒருநா நீங்க நின்ன எடத்துல தரை ஈரமா இருந்துச்சு. யாரோ தண்ணி சிந்திட்டாங்கன்னு தொடச்சேன். துணியில மஞ்சளா, செவப்பா இருந்துச்சு மேடம். உங்க கட்டுல இருந்து வடிஞ்சது. அதுக்கப்புறம் தெனம் நான்தான் தொடைக்கேன். யாருக்கும் தெரியாது.”

“என் காலப் பத்திப் பேச நீ யாருட்டி?” என்றேன். குரல் உயர்ந்துவிட்டது. தண்ணீர்த்தொட்டிக்குப் பின்னால் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

“திட்டுங்க மேடம். ஆனா ஜெபஷீலா பேர ஏன் சொன்னீங்க? அன்னிக்கே நான் வந்து ஒத்துக்கிட்டிருக்கணும். எனக்கு தைரியம் வரல. லிஃப்டு பக்கத்துல என் படம் மாட்டியிருக்காங்கல்லா, அதப் பாக்கப் பாக்க வாயே வரல.”

டப்பாவை மூடிவிட்டேன். எவ்வளவு கோபம் என்று எழுதத் தெரியவில்லை. முதலில் வடிவு மேல். தினமும் குனிந்து என் சீழைத் துடைத்துவிட்டு, வாயை மூடிக்கொண்டு, அழகாகக் கைகட்டி நின்றிருக்கிறாள். அப்படி நிற்க அவளுக்குக் கற்றுக்கொடுத்தது யார் என்று யோசித்ததும் கோபம் என் பக்கம் திரும்பியது. குத்துவிளக்கு மாதிரி நில், குத்துவிளக்கு மாதிரி நில் என்று எத்தனை பேரிடம் சொல்லியிருப்பேன். குத்துவிளக்குக்குக் கால் வலிக்காது. எங்களுக்கு வலிக்கும் என்பது அண்ணாச்சிக்குத் தெரியாதா? எனக்குத் தெரியாதா?

புண் ஒரு ரூபாய் அகலம் இல்லை. உள்ளங்கை அகலம். எட்டு மாதமாக இருக்கிறது. ஏன் என்னிடமே பொய் சொல்லிக்கொண்டிருந்தேன் என்று தெரியவில்லை, இந்த நோட்டை யாரும் படிப்பதுகூட இல்லை.

ஆகஸ்ட் 4, ஞாயிறு

ஜெபஷீலாவை மூன்று முறை கூப்பிட்டேன். எடுக்கவில்லை. எடுத்திருந்தால் என்ன சொல்லியிருப்பேன்?

ஆகஸ்ட் 5, திங்கள்

பன்னிரண்டு மணிக்கு தினகர் சார் அறைக்கு வரச் சொன்னார். நான் நுழைந்ததும் வழக்கம்போல் எழுந்து நின்றார். மேசையைச் சுற்றி வந்து, எதிரே இருந்த நாற்காலியைத் தன் கையாலேயே பின்னுக்கு இழுத்தார்.

“உக்காருங்கக்கா.”

இருபத்திரண்டு வருஷத்தில் இந்தக் கடையில் எந்த முதலாளியும் என்னிடம் சொல்லாத வார்த்தை. நான் தயங்கினேன். “அட, உக்காருங்க. நீங்க உக்காந்தாத்தான் நான் உக்காருவேன்” என்று சிரித்தார். உட்கார்ந்தேன். மெத்தென்ற நாற்காலி. இடுப்பிலிருந்து குதிகால்வரை என்னவோ ஒன்று அவிழ்ந்து இறங்கியது. அழுகை வந்துவிட்டது, எழுதவே வெட்கமாக இருக்கிறது. அவர் டிஷ்யூ பெட்டியை நகர்த்தி வைத்தார். ஜென்டில்மேன் அல்லவா.

பிறகு ஒரு தாளை நகர்த்தி வைத்தார். டைப் அடித்தது. இரண்டாம் தளப் பெண் ஊழியர்கள் அமரக் கூடாது என்ற நடைமுறை நிர்வாகத்தின் உத்தரவு அல்ல என்றும், மேற்பார்வையாளராகிய பிரம்மசக்தி தன் சொந்த விருப்பத்தின்பேரில், நிர்வாகத்துக்குத் தெரியாமல் அதைக் கடைப்பிடித்து வந்தார் என்றும், பணிநீக்கம் செய்யப்பட்ட ஜெபஷீலா வாடிக்கையாளரிடம் பண்பின்றி நடந்துகொண்டதற்குத் தானே சாட்சி என்றும் எழுதியிருந்தது. கீழே என் பெயர், கையெழுத்துக்கு ஒரு கோடு.

“ஃபார்மாலிட்டிதான்க்கா. உங்க வேலைக்கு ஒண்ணும் ஆவாது, நான் பாத்துக்கிடுதேன். மெமோ ஒண்ணு குடுப்போம், அவ்ளோதான். அன்னிக்கு அந்தம்மாட்ட நீங்க அப்படிப் பேசுனதுக்கு நான் ஒரு வார்த்த கேட்டேனா? கேக்கல. உங்கள மாதிரி ஒரு லேடிய நான் பாத்ததில்ல. கடைப் பேரு கெட்டா அப்பா தாங்க மாட்டாரு. கொஞ்சம் பெரிய மனசு பண்ணுங்க.”

பேனாவின் மூடியைக் கழற்றி, முனை தன் பக்கம் இருக்குமாறு திருப்பி நீட்டினார். அவ்வளவு மரியாதை.

இதற்குத்தான் நாற்காலி! கையெழுத்துப் போடுகிறவளுக்குக் கை நடுங்கக் கூடாதே. மாடிப்படியில் ஏறும் எந்தப் பெண்ணுக்கும் வழிவிட்டு ஒதுங்குகிற மனிதர், என் தலையில் ஏறி நடக்கப் பார்க்கிறார், அதையும் கைகூப்பிக்கொண்டு. கத்தியிருந்தால், ‘ஏ’ என்றிருந்தால், நான் என்றைக்கோ முழித்திருப்பேன். இந்த மரியாதைதான் என்னை இத்தனை வருஷம் ஏமாற்றியது.

தாளை மெதுவாக, இரண்டு தடவை படித்தேன். அவசரப்படவில்லை. உட்கார்ந்துதானே இருக்கிறேன்.

“பாதி நெசம் தம்பி” என்றேன். ‘சார்’ என்று வரவில்லை. “பிள்ளைகள நிக்கச் சொன்னது நாந்தான். ஆனா ஒங்களுக்குத் தெரியாமலா? தெனம் ரெண்டு தடவ இந்த மாடியச் சுத்தி வாரீங்களே, ஒருத்தியாவது உக்காந்து பாத்தீங்களா?”

“அக்கா, அது வந்து...”

“நான் எழுதித் தாரேன்.”

அந்தத் தாளைத் திருப்பிப் போட்டு, வெற்றுப் பக்கத்தில் எழுதினேன். நிற்கச் சொன்னது நான். என்னைச் சொல்லச் சொன்னது பெரிய அண்ணாச்சி. பார்த்துக்கொண்டு சும்மா இருந்தது சின்ன முதலாளி. ஆய்வுக்காக உட்கார வைத்து ஒத்திகை நடத்தினோம். ஜெபஷீலா பண்பில்லாமல் நடக்கவில்லை, கால் வலித்து உட்கார்ந்தாள். கடிதம் போட்டது அவள் இல்லை. விசாரிக்காமல் அவள் பெயரைச் சொல்லி வேலையைக் கெடுத்தது நான். என் வலது காலில் எட்டு மாதமாகப் புண் இருக்கிறது. இவ்வளவும் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். வடிவு பெயரை எழுதவில்லை. அதைச் சொல்வதும் சொல்லாததும் அவள் இஷ்டம்.

போனில் படம் எடுத்துக்கொண்டு தாளை அவர் பக்கம் நகர்த்தினேன். படித்ததும் முகம் கறுத்தது. ஆனால் குரல் உயரவே இல்லை.

“உங்கள இப்படி நெனைக்கலக்கா. நாளையில இருந்து வர வேண்டாம்.” எழுந்து போய்க் கதவைத் திறந்து, நான் வெளியேறும்வரை பிடித்துக்கொண்டு நின்றார்.

சாப்பாட்டுப் பையை எடுக்க மாடிக்குப் போனேன். ஆடிக் கூட்டம், எள் போட இடமில்லை. பிள்ளைகள் முப்பது பேரும் கவுண்டருக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தார்கள். புது ஸ்டூல்கள் மேல் அதற்குள் சேலை அடுக்கியாயிற்று.

“உக்காருங்க பிள்ளைகளா!” என்று கத்தினேன். இந்த மாடியில் நான் கத்தியது இதுதான் முதல் தடவை. கஸ்டமர்கள் திரும்பினார்கள். ஒரு குழந்தை அழ ஆரம்பித்தது.

ஒருத்தியும் உட்காரவில்லை.

“சட்டம் இருக்குட்டி! எவனும் ஒண்ணும் கேக்க முடியாது, உக்காருங்க!”

வடிவு கையைக் கட்டிக்கொண்டு, எப்போதும்போலப் பக்கத்தில் இருப்பவருக்கு மட்டும் கேட்கும் குரலில் சொன்னாள். “நீங்க நிக்கீங்களே மேடம்.”

பக்கத்து ஸ்டூலில் இருந்த பட்டுகளை அள்ளிக் கவுண்டர்மேல் போட்டேன். ஸ்டூலை நடுக்கூடத்துக்கு, எல்லாருக்கும் தெரிகிற மாதிரி, இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். இன்னொரு ஸ்டூலை இழுத்து வலது காலைத் தூக்கி அதன்மேல் வைத்தேன். சேலை முழங்கால்வரை ஏறியது, கட்டு நனைந்திருந்தது, எல்லாரும் பார்த்தார்கள். பார்க்கட்டும். மேனேஜர் சொல்லி செக்யூரிட்டி ஓடிவந்தார். லேடிஸைத் தொட்டுத் தூக்கலாமா கூடாதா என்று தெரியாமல் பக்கத்தில் நின்று தொப்பியைச் சரிசெய்துகொண்டிருந்தார்.

வடிவு உட்கார்ந்தாள். அவளுக்கு அடுத்த கவுண்டரில் ஒருத்தி. அப்புறம் ஜன்னல் பக்கம் மூன்று பேர். எண்ணினேன். மொத்தம் ஒன்பது.

மற்ற இருபத்தோரு பேரும் உட்காரவில்லை. தோளைப் பின்னுக்குத் தள்ளி, இடது கைமேல் வலது கையை வைத்து, சாயாமல், அசையாமல் நின்றபடி என்னைப் பார்த்தார்கள். இரண்டு மூன்று பேருக்குக் கண்ணில் தண்ணீர் வழிந்தது, துடைக்கக்கூடக் கையை எடுக்கவில்லை. நான் கெஞ்சிப் பார்த்தேன், திட்டிப் பார்த்தேன். அவர்களால் முடியவில்லை. அவ்வளவு நன்றாகச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன்.